முருங்கைக்காய் என்றால் கடைசி ஆள்

சார்,

இன்று காய்கறி வாங்கப் போன இடத்தில் என் மானம் போய்விட்டது. துபாய் அல் கூஸில் காதர் பாய் கடை வாசலில், ஈரச் சாக்கின் மேல் முருங்கைக்காய்க் கட்டு புதிதாக வந்து கிடந்தது. சாம்பாருக்கு நாலு எடுக்கலாம் என்று குனிந்தேன். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதுதான் தெரியும், காயைக் கையில் பிடித்தபடி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர் பதறிப்போய், "க்யா ஹுவா, சிஸ்டர்?" என்றார். என் கையில் வெங்காயம் இருந்திருந்தாலாவது அதன் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

காதர் பாய் ஸ்டூலைத் தள்ளி, "உக்காருங்கம்மா" என்றார். கரக் சாயா வந்தது. போன மாதம் நீங்கள் கண்டியில் இறந்துபோன செய்தி அவருக்கும் தெரியும், நான்தான் சொன்னேன். நம் பழைய ரக்பி அணியின் வாட்ஸ்அப் குழுவில், அதில் ஆடிய செமி ஃபிஜியிலிருந்து போட்டிருந்தான். காலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பாம். அதற்குக் கீழே வரிசையாக அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். எனக்கு எதையும் போடத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதோடுதான் இதை எழுதுகிறேன்.

துபாயில் சம்பளத்துக்கு ரக்பி ஆடுகிற அணி ஒன்று இருக்கிறது, அதில் எனக்கு பிசியோதெரபிஸ்ட் வேலை என்று சொன்னபோது தூத்துக்குடியில் என் அம்மாவே நம்பவில்லை. "பந்தக் கையில தூக்கிக்கிட்டு ஓடுற விளையாட்டா? அப்பம் கால் எதுக்கு?" என்று கேட்டாள். அடிபட்ட கால்களையும் நழுவிய தோள்களையும் சரிசெய்து திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. ஆட்டம் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. புரிந்த பிறகு தெரிந்தது, நம் அணி தோற்கிற அணி என்பது.

பழைய கோச்சைப் போகச் சொல்லிவிட்டு, புதிதாக ஒரு ஸ்ரீலங்காக்காரர் வருகிறார் என்று மேனேஜர் சொன்னார். சொன்ன விதத்திலேயே, மலிவாகக் கிடைத்தார் என்பதும் இருந்தது. செப்டம்பர் வெயில். நிழலில் நின்றாலே சட்டை நனைகிற நாள். நான் நம் நெட்டையனின் கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த உயரமான பையனுக்கு ஒரு நிமிஷம் அசையாமல் இருக்க வராது. யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் தமிழிலேயே திட்டினேன். "எரும மாதிரி வளந்திருக்கியே, ஒரு எடத்துல இருக்கத் தெரியுதாடா ஒனக்கு?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எருமைக்கும் நோகும் தானே, தங்கச்சி. மெதுவாச் சுத்துங்கோ."

திரும்பிப் பார்த்தால், வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக நீங்கள். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் பூர்வீகம் யாழ்ப்பாணம், படித்ததும் ஆடியதும் கண்டி. ரக்பியை ரக்கர் என்பீர்கள். வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடப் பையன்களுக்கு ரக்கர் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, எப்போதாவது ஒரு பெரிய அணி கூப்பிடும் என்று காத்திருந்தவர். எல்லோரும் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயதில் அந்த அழைப்பு வந்தது. கையிலிருந்த பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். "முதலும் இதுதான், கடைசியும் இதுதான் தங்கச்சி. இதை விட்டா என்னை ஆரும் கூப்பிட மாட்டினம்" என்று நீங்கள் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

தோற்றோம். தோஹாவில் தோற்றோம், மஸ்கட்டில் தோற்றோம், அபுதாபியில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசி நிமிஷத்தில் தாரை வார்த்தோம். மனாமாவில் வாங்கிய அடியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அதற்கு மறுநாள் காலை அங்கேயே குதைபியாவில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கு முன்னால் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சட்னியில் விரலைத் தொட்டு மேசையில் புள்ளி புள்ளியாக வைத்து, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று எனக்குக் காட்டினீர்கள். நான், "சாப்பிடுங்க சார், மொதல்ல" என்றேன். "எங்கட ஆக்கள் விழுறதில எனக்குக் கவலையில்லை. விழுந்த பிறகும் பந்து எங்கட பக்கம் இருக்கோணும். அதுதான் ரக்கர்" என்றீர்கள். இட்லியைச் சர்வர் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.

நம்முடைய பெரிய ஓட்டை லைன் அவுட். பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போய்விட்டால் இரண்டு அணியும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நிற்கும், ஒருவர் வெளியிலிருந்து நடுவே எறிவார். நம் வரிசையில் முதல் ஆளுக்கா, நடு ஆளுக்கா, கடைசி ஆளுக்கா என்பதை எறிகிறவர் ஒரு சங்கேத வார்த்தையில் கத்துவார். அந்த ஆளை மற்ற இருவர் அலாக்காகத் தூக்குவார்கள். எறிவது செமி. வார்த்தை ஆங்கிலம். எதிரணிக்காரர்களும் ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நாலு தடவை கேட்டால் போதும், ஐந்தாவது தடவை நமக்கு முன்னால் அவர்கள் எழும்பிவிடுவார்கள்.

ஒரு நாள் பயிற்சிக்குக் காதர் பாய் கடையிலிருந்து பெரிய பையோடு வந்தீர்கள். முதல் ஆள் நிற்கிற இடத்தில் ஒரு கத்திரிக்காயை வைத்தீர்கள், நடுவில் ஒரு பூசணிக்காயை, கடைசியில் ஒரு முருங்கைக்காயை. "கிட்ட எறியிறது சின்னக் காய். தூர எறியிறது நீட்டுக் காய்" என்று ஆங்கிலத்தில் விளக்கினீர்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷர்கள், ஃபிஜிக்காரர்களும் கென்யாக்காரர்களும் தென்னாப்பிரிக்கர்களுமாக, எல்கேஜி பிள்ளைகள் மாதிரி "முருங்கைக்காய், முருங்கைக்காய்" என்று சொல்லிப் பழகினார்கள். செமி பச்சைக் கத்திரிக்காயைக் கடித்துவிட்டுத் துப்பினான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் அடுத்த ஆட்டத்தில் லைன் அவுட்டில் ஒரு பந்தைக்கூட இழக்கவில்லை. எதிரணிக்காரர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். ஆட்டத்தில் தோற்றோம் என்பது வேறு விஷயம்.

புது வருஷம் பிறந்ததும் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். பட்டியலில் கடைசி இடம் என்றால் முதலாளி அணியை மூடிவிடுவார், கலாஸ், அவ்வளவுதான். பார்க்க ஆள் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். எனக்கு விசா கணவர் பேரில். நான் பிழைத்துக்கொள்வேன். மற்றவர்கள் எல்லோருக்கும் அணிதான் விசா கொடுத்து வைத்திருக்கிற கபீல் மாதிரி. செமி அப்போதுதான் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்திருந்தான். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, தொட்டில் வாங்கலாமா, இப்போதைக்கு வேண்டாமா என்று கேட்டான். கட்டுப் போடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் ஆட்டத்துக்கு முன்னால் வாந்தி எடுக்க ஆரம்பித்தீர்கள். பஸ்ஸுக்குப் பின்னால் போய், தொப்பியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு. முதல் தடவை பார்த்தபோது ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பிரஷர் பார்க்கிறேன் என்று கையைப் பிடித்தால் உருவிக்கொண்டீர்கள். "என்னைப் பாக்கிற நேரத்தில நெட்டையன்ர காலைப் பாருங்கோ." விடிந்தும் விடியாமலும் போன் வரும். "தங்கச்சி, அவன்ர முழங்கால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேறுமோ? எப்பிடியாவது தேற வையுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்." அப்பா வயதுக்காரர் கெஞ்சினால் கேட்கிறவளுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு தடவை நான் எரிந்து விழுந்தேன். "முழங்காலு என் சொல்லு கேக்காது சார், கடவுள்ட்ட கேளுங்க." "அவரிட்டயும் கேட்டனான்" என்றீர்கள்.

ஆள் வருவதில்லை என்ற மேனேஜரின் புலம்பலைத் தீர்த்தது காதர் பாய். கீழக்கரையிலிருந்து வந்து அல் கூஸில் கடை போட்டு நரைத்துப்போனவர். அவர் கடையைச் சுற்றி ரூம் ரூமாக நம் ஊர்ப் பிள்ளைகள். "லீவு நாள்ல ரூம்ல கெடந்து போனை நோண்டிக்கிட்டுக் கெடக்குதுக. கூட்டிட்டு வரவா சார்? வண்டி மட்டும் ஏற்பாடு பண்ணுங்க" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். ராமநாதபுரம், அரியலூர், புதுக்கோட்டை. தலைக்கு எண்ணெய் வைத்து, அயர்ன் பண்ணின சட்டையில். ரக்பி என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முதல் லைன் அவுட். செமி பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான்.

"கத்திரிக்காய்!"

ஸ்டாண்டே வெடித்தது. ஒருவர் தோளில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏலேய், கத்திரிக்காங்கிறான்டா!" என்று ஒருவர் எழுந்து நின்று மற்றவர்களுக்கு அறிவித்தார். அதற்குப் பிறகு அந்த ஃபிஜிக்காரன் அவர்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். அன்று நாம் ஜெயித்தோம். சீசனின் முதல் வெற்றி. நீங்கள் மைதானத்தின் நடுவே நின்று ஸ்டாண்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினீர்கள். அந்த முகத்தை அதற்கு முன்னாலும் நான் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

பிறகு நம் மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கெல்லாம் அவர்கள் வந்தார்கள். இன்னும் ஒன்றில் ஜெயித்தோம், ஒன்றில் சமன் செய்தோம். ஒரு சாயங்காலம் காதர் பாய் கடையில் உங்களைச் சுற்றிக் கூட்டம். என்ன சார் இது, ஏன் அந்தக் காய் பேரைக் கத்துகிறான் என்று கேட்டிருக்கிறார்கள். நான் போய்ச் சேரும்போது எடைத் தட்டுக்குப் பக்கத்தில் கத்திரிக்காயையும் பூசணித் துண்டையும் முருங்கைக்காயையும் வரிசையாக வைத்து முழு ரகசியத்தையும் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன சார், எல்லாத்தையும் சொல்லிட்டீங்க?"

"சொன்னா என்ன? இவையளுக்கு விளங்கோணும் தானே. விளங்காமல் எப்பிடி ரசிக்கிறது?" என்றீர்கள். "எங்கட ஆக்கள், தங்கச்சி. ஆர் போய் ஆருக்குச் சொல்லப் போகினம்?"

நியாயம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அவர்களில் யாரும் யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை.

கடைசி ஆட்டம் தோஹா அணியோடு, நம் மைதானத்தில். ஜெயித்தால் ஒரு படி மேலே ஏறுவோம், அணி பிழைக்கும். வேறு கணக்கே கிடையாது. காலையிலிருந்து நீங்கள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. வீரர்களிடம் பேச வேண்டிய நேரத்தில் குரல் எழும்பவில்லை. "விழுங்கோ, பரவாயில்லை" என்று ஆங்கிலத்தில் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டுச் செமியின் தலையைத் தடவிக்கொடுத்தீர்கள். அவன் மனைவி குழந்தையோடு வந்து ஸ்டாண்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று நாலு பஸ் வந்திருந்தது. காதர் பாய் கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டார்.

முதல் பாதியில் முன்னால் இருந்தோம். இரண்டாவது பாதியில் லைன் அவுட் ஆட்டம் காண ஆரம்பித்தது. தோஹாவின் உயரமான கேப்டன் நம் பந்தைத் தட்டிப் பறித்தான். அடுத்ததையும் பறித்தான். நம் ஆள் எழும்புவதற்கு முன்பே அவன் அந்தரத்தில் இருந்தான். செமிக்குக் கை தளர்ந்துவிட்டது என்றுதான் நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். அவர்கள் நாலு புள்ளி முன்னால் போனார்கள். ஒரு ட்ரை போட்டால் ஐந்து புள்ளி. கோட்டைத் தாண்டிப் பந்தை ஒரே ஒரு தடவை தரையில் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

நம் பெஞ்ச் ஸ்டாண்டுக்கு நேர் கீழே. அதனால் ஸ்டாண்டு எப்போதும் நம் முதுகுக்குப் பின்னால்தான். அந்த நேரம் ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, நான் உள்ளே ஓடி அவன் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். முகம் ஸ்டாண்டைப் பார்த்து இருந்தது. பக்கத்திலேயே லைன் அவுட். செமி, "பூசணிக்காய்!" என்று கத்தினான்.

நான் பார்த்தேன், சார். அந்த ஸ்டாண்டில் இருந்த அத்தனை கைகளும் ஒன்றாக எழுந்து நடு ஆளைக் காட்டின.

அவர்களில் பாதிப் பேர் கட்டட சைட்டில் கிரேனுக்கு சிக்னல்மேன்கள். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கூண்டுக்குள் இருப்பார், கீழே கத்தினால் கேட்காது. சிக்னல்மேன் கையை முழுசாக நீட்டிக் காட்டுகிற இடத்தில்தான் சுமை இறங்கும். கிட்டே என்றால் கை தாழும், தூரம் என்றால் கை தோளுக்கு மேல் நீளும். வருஷக்கணக்காக அதையே செய்கிற கைகள் அவை. காயின் பேர் காதில் விழுந்ததும் கை தானாகவே காட்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். முதல் பாதியிலேயே அதைக் கவனித்துவிட்டான் போல, தோஹா கேப்டன் நம் வரிசையைப் பார்க்கவே இல்லை. ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பந்தும் அவனிடம் போயிற்று. ஆனால் அடுத்த நிமிஷமே அவர்கள் செய்த தப்பு ஒன்றுக்கு நடுவர் விசில் ஊதி நமக்கு பெனால்ட்டி கொடுத்தார். நம்மவன் பந்தை அவர்களுடைய மூலைக்கு உதைத்துத் தள்ளினான். கோட்டுக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் நமக்கு லைன் அவுட். நேரம் முடிந்துவிட்டது, இதுதான் கடைசி. நான் உங்களிடம் ஓடி வந்தேன்.

"சார், நம்ம ஆளுங்கதான் காட்டிக் குடுக்காங்க!"

"ஆர்?"

"மேல பாருங்க!"

திரும்பிப் பார்த்தீர்கள். ஒரே பார்வையில் உங்களுக்குப் புரிந்துவிட்டது. "செமி!" என்று கத்தினீர்கள். அவன் திரும்பினான். அதற்கு மேல் என்ன சொல்வது? ஆங்கிலத்தில் சொன்னால் தோஹாக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும். தமிழில் சொன்னால் செமிக்கு மூன்று காய் பேருக்கு மேல் ஒன்றும் தெரியாது. உள்ளே போக எனக்கு அனுமதியில்லை, யாரும் அடிபட்டுக் கிடக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றீர்கள். இரண்டு மொழி தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் நின்ற மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினீர்கள். நானும் ஓடினேன். இரண்டு கையையும் தூக்கி, அமர்த்தி, அமைதி அமைதி என்று காட்டினீர்கள். கோச் ஐயா நம்மைத்தான் பார்க்கிறார் என்ற சந்தோஷத்தில் அவர்கள் இரண்டு மடங்கு கத்தினார்கள். "பாய், கைய இறக்கச் சொல்லுங்க! பாய்!" என்று நான் அலறினேன். காதர் பாய் காதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எனக்குக் குடிக்கத்தான் வேண்டும் போல என்று தண்ணீர் பாட்டிலை எறிந்தார். நமக்குப் பின்னால் செமியின் குரல் கேட்டது.

"முருங்கைக்காய்!"

அத்தனை கைகளும் தோளுக்கு மேல் நீண்டன. நம் இருவரின் தலைக்கு மேலாக, கடைசி ஆளைக் காட்டி. நீங்கள் மைதானத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள், அவை மெல்ல வாடுவதை. விசில் ஊதியது.

அவர்கள் நம்மைத் திட்டவில்லை, சார். அதுதான் கொடுமை. கீழே இறங்கி வந்து செமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நெட்டையன் அழுததைப் பார்த்து ஒருவர் தன் கர்சீப்பைக் கொடுத்தார். "விடுங்க சார், அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்று உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே நான் கொதித்துக்கொண்டு நின்றேன். "காதர் பாய்ட்ட சொல்லப் போறேன் சார். என்ன செஞ்சாங்கன்னு தெரியட்டும்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? மேனேஜர்ட்டயாச்சும் சொல்லுங்க. உங்க பேராவது தப்பும்."

"ஞாயிறில வந்து சிரிச்சிட்டுப் போன சனம். இதைக் கேட்டா பிறகும் சிரிப்பினமோ? சொல்லிக் குடுத்தது நான். கடையில வைச்சு வடிவாச் சொல்லிக் குடுத்தது நான்தானே?" தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தீர்கள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

நான் சத்தியம் செய்யவில்லை, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் உங்களுக்குத் தெரியும், சொல்லமாட்டேன் என்று.

மேனேஜர் விசாரித்தார். லைன் அவுட் எப்படி அப்படிச் சரிந்தது, செமி ரகசியத்தை விற்றானா என்றுகூடக் கேட்டார். நீங்கள் எழுந்து நின்று, அவன்மேல் பிழையில்லை, என் திட்டம் பழசு, எதிரணி படித்துவிட்டது என்றீர்கள். ஒரு கோச் தன் வாயால் அப்படிச் சொல்லலாமா? வளைகுடாவில் ரக்பி சின்ன உலகம். அந்த வாரமே எல்லா ஊருக்கும் அது போய்விட்டது: காய்கறிப் பேர் வைத்துக்கொண்டு காலந்தள்ளிய கிழவர் என்று. அணியை மூடினார்கள். நெட்டையன் போனான், செமி போனான். அந்தத் தொட்டிலை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள், எடுத்துக்கொண்டு போக வழியில்லாமல்.

உங்களை விமான நிலையத்தில் விட்டது நான்தான். பெட்டியை இறக்கிவிட்டு, "ஊர்ல போயி என்ன செய்வீங்க சார்?" என்றேன். "ரக்கர் பாக்கிறது. வேற என்ன தெரியும் எனக்கு?" என்றீர்கள். பிறகு வந்த போன் எல்லாம் ஒரே மாதிரி. மகள் படிக்கிறாளா, உங்கட அம்மா சுகமா, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அங்க ஏதும் அணி ஆள் தேடினமோ? சின்ன அணி எண்டாலும் பரவாயில்லை. பிள்ளையளின்ர அணி எண்டாலும்." ஒவ்வொரு தடவையும் விசாரித்துச் சொல்கிறேன் என்பேன். விசாரிக்கவும் செய்தேன். பேரைச் சொன்னதும் சிரித்தார்கள். அதை உங்களிடம் எப்படிச் சொல்வது? இன்னும் பதில் வரவில்லை சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். அப்போதே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு எங்காவது ஒரு மைதானத்தில் தொப்பியோடு நின்றிருப்பீர்கள். மாரடைப்பு அதற்காக வராமல் இருந்திருக்குமா என்று கேட்பீர்கள். தெரியாது. எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது, அவ்வளவுதான் தெரியும்.

இப்போது நான் அல் கூஸில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். இடுப்பு வலி, கழுத்து வலி, தோள் வலி, எல்லாம் சைட்டிலிருந்து வருகிறவர்கள். போன வாரம் அரியலூர்க்காரர் ஒருவர் வந்தார். வலது தோள் இறுகிப்போய்க் கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. சிக்னல்மேன் வேலையிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டோரில் போட்டுவிட்டார்களாம். தோளைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என்னை உற்றுப் பார்த்தார்.

"மேடம், நீங்க அந்த ரக்பி டீம்ல பையத் தூக்கிட்டு ஓடுவீங்கள்ல?"

ஆமாம் என்றேன்.

"இந்த ஊருக்கு வந்து இத்தன வருசத்துல அந்த ஞாயித்துக்கெழமைங்கதான் மேடம். வேற ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல." அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எம்புட்டு வெள்ளக்காரன், எம்புட்டு அரபிக்காரன் உக்காந்திருந்தான். ஒருத்தனுக்கும் புரியாது. பந்து எங்க போவும்னு அந்தக் கிரவுண்டுலயே எங்களுக்கு மட்டுந்தான மேடம் தெரியும்?"

சொல்லிக்கொண்டே காட்டினார். எழும்பாத அந்தக் கை எழும்பியது, சார். நெஞ்சைத் தாண்டி, தோளைத் தாண்டி, முழுசாக நீண்டு கடைசி ஆளைக் காட்டியது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு, முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. உண்மை என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. இப்போது நம் பக்கத்தில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், சொல்லாதே என்று தடுக்க நீங்களும் இல்லை.

அவர் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"ஆமாண்ணே," என்றேன். "உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."